எடைமேடை

தெலுக் இந்தானில் தவுக்கே கோ
சாவியை மேசையில் தள்ளியபோது
மீட்டரில் எண்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு.
"லேடி ஓனர், ஆபீசுக்கு மட்டும் ஓடின காடி" என்றார்.
கூட்டுறவுக் கடன், ஐந்து வருடம், மாதம் முந்நூற்றுப் பத்து.
ஊத்தான் மெலிந்தாங் வரை
செம்பனைகள் இருபுறமும் ஒதுங்கி நின்று
என்னை வீட்டுக்கு விட்டன.

மறுநாள் கதவைத் திறந்து துடைக்கையில்
உள்தூணில் ஓர் ஒட்டுத்தாள்.
பாதி வெளுத்த பேனா மை:
அடுத்த சர்வீஸ் ஒரு லட்சத்து மூவாயிரம்.
இன்னும் வந்து சேராத தூரத்தை
இந்தக் காடி எப்போதோ கடந்திருக்கிறது.

நான் ஆலையில் எடைமேடைக் கிராணி.
பன்னிரண்டு வருடமாக
எண்ணைப் பார்த்த பிறகுதான் ஆளைப் பார்ப்பேன்.
குலையோடு லோரி ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டு வெறும் லோரி ஏறும், இன்னோர் எண்.
கழித்தால் வருவதுதான் உண்மை,
அதற்குத்தான் காசு.
இங்கே எதிலிருந்து எதைக் கழிப்பது?

கேட்டுப் பார்த்தேன்.
மைத்துனர் குணாளன்: ஐயாயிரம் ஓடட்டும், அப்புறம் பார்.
லோரி சந்திரகாசன்: சத்தம் மாறினால் போ, இல்லாட்டி கையை வைக்காதே.
நோர்லீசா போனில் ஓர் அட்டவணை காட்டினாள்.
"வாங்கிய தேதி" என்றது அதன் முதல் கட்டம்.
யார் வாங்கிய தேதி?

மினியாக் ஹித்தாம், பில்டர், கூலி, நூற்று நாற்பது வெள்ளி.
மகனின் பள்ளிச் சுற்றுலாவுக்கு எழுபது.
ஏழாம் தேதி சம்பளம் வரட்டும் என்றிருந்தேன்.
ஏழும் வந்தது, போனது.

காலையில் ஸ்டார்ட் செய்தால்
முதல் மூன்று விநாடி
தொண்டையில் ஏதோ சிக்கியவன்
பேச வாயெடுப்பதுபோல் ஒரு கரகரப்பு.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையை நம்பி
இன்னும் எழுநூறு கிலோமீட்டர்.

ஒருநாள் விழுந்த சில்லறைக்காக
சீட்டுக்கடியில் கையை விட்டேன்.
கார் நிறுத்திய ரசீதுகள் வந்தன.
கோலா திரங்கானு மருத்துவமனை.
பதினேழு.
கடைசி ரசீதில் உள்ளே நுழைந்த நேரம்
அதிகாலை மூன்று நாற்பது.
ஆபீசுக்கு மட்டும் ஓடின காடி.
அவள் ஏன் பட்டறைக்குப் போகவில்லை என்று
அதன்பிறகு நான் கேட்டுக்கொள்ளவில்லை.
மீட்டரைத் திருப்பியது அவளாக இருக்காது என்றும்
நானே தீர்ப்பு எழுதினேன்.

வியாழன் இரவு ஷிப்ட்.
கொதிகலன் சோதனைக்காக ஆலை நின்றிருந்தது.
வருடம் ஒருமுறை, நன்றாக ஓடும்போதே
நிறுத்திவிடுவார்கள்.
லோரி கிடையாது. காவலாளி தாப்பாவும் கொசுக்களும்.
காடியை மேடையில் ஏற்றினேன்.
தாப்பா சிரித்துக்கொண்டே டார்ச் அடித்து வழி காட்டினான்,
பெரிய லோரிக்குக் காட்டுவதுபோல.
திரையை எட்டிப் பார்த்துப் படித்தான்:
எண்ணூற்று நாற்பது.
இறங்கினேன். எழுநூற்று எண்பது.
அறுபது நான்.
மீதி, யாரும் திருப்பிவைக்க முடியாத காடி.

பானெட்டைத் தூக்கி
அளவுக்கம்பியை உருவி
பழைய எடைச்சீட்டில் துடைத்தேன்.
கறுப்பு.
விரல்நடுவே தேய்த்தால் நறநறவென்றது.

காலையில் தூக்கக் கண்ணோடு ஜம்ரியின் பட்டறை.
எண்ணெய் தகரத்தில் இறங்கும்வரை
பக்கத்திலேயே குந்தியிருந்தேன்.
முதலில் கயிறுபோல், பிறகு நூல்போல்,
பிறகு நினைத்து நினைத்து ஒரு சொட்டு.

புதுத் தாளும் பேனாவுமாக ஜம்ரி கேட்டான்:
"அக்கா, எந்த நம்பரை எழுத?"
மீட்டரில் தொண்ணூறாயிரத்து நூற்றாறு.
"அதோடு ஐயாயிரம் கூட்டிக்கோ."
பழையதை உரிக்க நகத்தை வைத்தான்.
இருக்கட்டும் என்றேன்.
பக்கத்தில் கொஞ்சம் கோணலாக ஒட்டினான்.

கிளப்பினேன்.
கரகரப்பு இன்னும் இருக்கிறது,
ஒரு விநாடி குறைச்சல்.
எடுத்துக் கொடுத்துவிட்ட சுற்றுலாக் காசை
மகனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்
பாசார் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.