சங்கிலிகளின் கீழே மூன்று ஆம்ப்கள்

ஸப்ஷெயில், மூடிவிட்ட நிலக்கரிச் சுரங்கத்தின்
குளியல்கூடத்தில் எங்கள் ஒத்திகை.
கூரையிலிருந்து இன்னும் தொங்குகின்றன
இருநூற்றுச் சொச்சம் சங்கிலிகள்,
முனைதோறும் கொக்கி.
சட்டையை மாட்டி, மேலே இழுத்து, பூட்டிவிட்டு
மண்ணுக்குள் இறங்குவார்களாம்.
இப்போது ஒன்றில் போக்னாவின் சைக்கிள் ஹெல்மெட்,
ஒன்றில் என் கேபிள் சுருள்,
மற்றவை சும்மா.

என் மாடலர் ஒரு ரொட்டிப் பெட்டி அளவு.
உள்ளே தொண்ணூறு ஆம்ப்கள் என்கிறது.
இருக்கட்டும்.
ஹெட்போனில் கடல்.
போக்னாவின் டிரம்ஸ் பக்கத்தில் வைத்தால்
கிணற்றில் விழுந்த செருப்பு.
அத்தனை குரலும் தெரிந்த மிமிக்ரிக்காரனுக்கு
மூச்சை மட்டும் தனியாக வாங்கித் தரவேண்டும்.

முதலில் ஒல்கியெர்டின் வால்வு ஆம்ப்.
ஐம்பது வாட், பத்தொன்பது கிலோ.
சூடேறத் தூசி கருகும் வாசனை.
எதை ஊற்றினாலும் தன் கைவெல்லத்தைக் கலக்கியே தரும்,
ஏற்கெனவே இனித்ததையும்.

அடுத்தது மாதா கோயிலில் கழித்துக் கட்டிய ரேக் ஆம்ப்.
வாட்டுக்குப் பஞ்சமில்லை.
ஆனால் மெல்லிய இடங்களில்
அதன் விசிறியும் கூடப் பாடுகிறது.

மூன்றாவது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது.
நெற்றியில் இருநூறு வாட்.
ஜெமோவித் புரட்டிப் பார்த்துச் சிரித்தான்:
"நாலு ஓமில் இருநூறு. உன் பெட்டி எட்டு ஓம்.
பாதி இங்கேயே போச்சு."
ஓம் என்றதும் கைகூப்பாதீர்கள்.
இது தடையின் கணக்கு,
எண் ஏறினால் வரம் இறங்கும்.

இரண்டு மணி நேரம் நீதிபதிகளானோம்.
வால்வு: ஈரக் கம்பளி.
ரேக்: அதே கம்பளி, இன்னும் சத்தமாக.
சின்னது: அட்டை.
"டிஜிட்டலுக்கு உயிர் கிடையாது" என்றேன்,
உயிரை நேரில் பார்த்தவள் போல.
போக்னா குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே,
"மூணுமே போர்வைக்குள்ளேர்ந்து பேசுது.
மூணும் எப்படி ஒரே போர்வை?"

அப்போதுதான் மெனுவின் நான்காம் பக்கம் போனேன்.
அங்கே ஒரு சிறு பச்சைப் புள்ளி:
ஸ்பீக்கர் பெட்டியின் போலி, இயங்குகிறது.
நிஜப் பெட்டிக்குள்
இல்லாத ஒரு பெட்டியின் மரம்,
இல்லாத ஒரு மைக்கின் காது,
இரண்டையும் தாண்டித்தான்
மாலை முழுக்க வாசித்திருக்கிறேன்.
கேபிளைச் சரிசெய்வதுபோல் குனிந்து
அதை அணைத்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

சின்னதில் ஒரு கனத்த கார்டு.
முதலில் என் கால்சட்டை அசைந்தது.
பிறகு மேலே, கடைசி வரிசையில் ஒரு கொக்கி.
பிறகு அந்த வரிசை,
பிறகு கூரை முழுக்கக் கொக்கியோடு கொக்கி உரச,
ஹெல்மெட் தலையில்லாமல் தலையாட்டியது.
ஜெமோவித் வாசிப்பை நிறுத்தினான்.
போக்னா நிறுத்தவில்லை, இன்னும் ஓங்கி அடித்தாள்.
ஆம்ப் பின்வாங்கவில்லை.

வால்வையும் மறுபடி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.
இப்போது அது அழகாக இருந்தது.
நோட்டின் ஓரங்கள் மெல்ல மடங்கி,
விரல் சொல்லாமல் விட்டதையும் சொல்லியது.
என் காது அதன் பக்கம்தான். இன்றும்.

ஆனால் வெள்ளிக்கிழமை க்லிவிட்சே.
கிளப் மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
என் முதுகின் நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே
ஏற்கெனவே ஒரு தகராறு நடக்கிறது.
அவை காதைக் கலந்தாலோசிப்பதில்லை.

"சின்னதே" என்றேன்.
ஏன் என்று யாரும் கேட்காதது கொஞ்சம் வலித்தது.
போக்னா அதைத் துணிப்பையில் போட்டு
ஒரு கொக்கியில் மாட்டினாள்,
சங்கிலியை இழுத்தாள்.
அது கிறீச்சிட்டு மேலே ஏறி
சட்டைகள் காத்திருந்த உயரத்தில் நின்றது.
கீழே வால்வு ஆம்ப் ஆறிக்கொண்டிருந்தது,
டிக், டிக் என்று,
ஒல்கியெர்ட் வண்டியோடு வரும்வரை.