உடம்படுமெய்

பிஷோய் மின்யா கல்லூரியில் தொல்லியல் படித்தது
இரண்டரை வருடம்.
மிச்சத்தை என்ஜின் அறையில் படித்ததாகச் சொல்வான்.

சம்பளம் நின்ற பதினோராவது மாதம்,
அஜ்மான் கரைக்கு நான்கு மைல் வெளியே,
ஜெனரேட்டர் ஓடுகிற இரண்டு மணி நேரத்தில்
துருப்பிடித்த சுவரில் சாக்பீஸால் வரைந்தான்:
ஒரு நாணல் இலை. ஒரு காடைக் குஞ்சு.

எப்படி வாசிப்பது?
தெரியாது, 'இயூ' என்பது
வாத்தியார்களின் சௌகரியம், என்றான்.
உயிரெழுத்தை அவர்கள் எழுதவில்லை.
இலை நம் யகரம் போல, குஞ்சு வகரம் போல,
கிடைத்தது அவ்வளவுதான்.

சிரித்துவிட்டேன்.
உயிர் போய் மெய்யை மட்டும்
பத்திரப்படுத்திய தேசம்!
அதிலும் யகரம், வகரம்.
மணி அடித்தது, மணியடித்தது
என்று நான் பிரம்படி வாங்கிப் படித்த உடம்படுமெய்.
இரண்டு உயிர் அருகருகே நிற்க முடியாதபோது
நடுவில் புகுந்து சேர்த்துவைக்கும்.
இங்கே இரண்டும் கைகோத்து நிற்கின்றன,
சேர்த்துவைக்க
இந்தப் பக்கமும் ஆளில்லை, அந்தப் பக்கமும்.
இதை அரபியில் சொல்ல எனக்கு வரவில்லை.

அடுத்த வரியில் இலைக்குப் பதில் இரண்டு கால்: வருதல்.
அதற்கும் கீழே நீள மணல் திட்டு: தீவு.
அதே ஒலியில் இன்னொன்று, படகில்லாதவன்.
பக்கத்தில் என்ன வரைய வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது அவனுக்கு.
கல்லறைச் சுவரில் பெரிய மனிதர்கள்
எழுதிவைத்துக்கொள்வார்களாம்:
பசித்தவனுக்கு ரொட்டி கொடுத்தேன்,
படகில்லாதவனை அக்கரை சேர்த்தேன்.
முந்நூறு அடிக் கப்பலில் உட்கார்ந்துகொண்டு
சமையல்காரன் தெய்ன் சோ கேட்டான்:
அப்போ நாம எந்தக் கணக்கு?

முதல் வரிக்குத் திரும்பினான் பிஷோய்.
காலும் மணலும் இல்லாத வெறும் இலை, குஞ்சு.
தனக்கென்று பொருள் கிடையாது.
வாக்கியத்தின் வாசலில் நிற்கும்,
'சொல்கிறேன், இது இப்போது இப்படி' என்பதற்காக மட்டும்.
சொந்தக் காலில் நிற்கிற வாக்கியத்துக்குத்தான் அது;
இன்னொன்றைத் தொங்கிக்கொண்டு வருவதற்கு இல்லை.

அசைச்சொல் என்று ஒதுக்கப் பார்த்தேன்.
ஒதுங்கவில்லை.
முதலாளிக்குக் கேப்டன் அனுப்பும் மெயில்கள் ஞாபகம் வந்தன:
டீசல் வந்ததும்,
வழக்கு முடிந்த பின்,
தாங்கள் மனம் வைத்தால்.
எல்லாம் தொங்குபவை.
ஒன்றின் வாசலிலும் குஞ்சு நிற்காது.

பிப்ரவரியில் பிஷோய்க்குக் கல்லடைப்பு.
காவல் படகு வந்தது, ஒருவனுக்கு மட்டும்.
ஏணியில் வலியோடு இறங்கும்போது
சாக்பீஸ் டப்பாவை என்னிடம் எறிந்தான்.
அது கடலில் விழுந்தது.

மூடுபனி சுவரை நக்கிவிட்டது.
கால்கள் போயின, மணல் போயிற்று,
இலையில் பாதி இருக்கிறது.

இரவு பதினாறாம் சேனலில் யாரோ
நிலவரம் கேட்கிறார்கள்.
பொத்தானை அழுத்தி, பேசுவதற்கு முன்
ஒரு மூச்சு விடுகிறேன்.
எழுத வேண்டுமென்றால் அதற்கு அந்த இரண்டு எழுத்து போதும்.
பிறகு சொல்கிறேன்:
எட்டுப் பேர்.
குடிநீர் ஆறு கேன்.
விளக்கு இல்லை.