உங்களுக்கும் மணக்குதா

முதல் தடவை வந்தது கிளாரா பிளாட்ஸில்,
ஆறாம் இலக்க டிராம் சிவப்பு விளக்குக்கு நின்றபோது.
ஆற்றோரத் தொழிற்சாலையில் ஏதோ கசிந்துவிட்டது என்று
பக்கக் கண்ணாடியைத் திறந்தேன்.
பாசல் நகரத்து மார்ச் குளிர் மட்டும் உள்ளே வந்தது.
அரை நிமிடம். பிறகு இல்லை.
பின்னால் பள்ளிப் பிள்ளைகள் சூயிங்கம் மென்றார்கள்,
ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

என்ன மணம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
வெடில் இல்லை. நெடி இல்லை. அடிப்பிடித்த பாலும் இல்லை.
வியர்த்த கையில் ஒரு நாணயத்தை நாள் முழுக்க வைத்திருந்து
அந்தக் கையால் தோடம்பழம் உரித்தால்
கிட்டத்தட்ட வரலாம்.
உரித்துப் பார்த்தேன். வரவில்லை.

கோடைக்குள் பதினொரு தடவை.
வேலை அட்டவணையின் பின்பக்கத்தில்
பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன்.
மணத்துக்கு முன்னால் வயிற்றிலிருந்து ஒன்று மேலே எழும்பும்,
லிப்ட் சட்டென்று கீழே இறங்குவதுபோல.
இதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று தெரியும்.
தெரிந்ததால்தான் தேடவில்லை.
பெயர் வந்தால் உரிமம் போய்விடும்,
மூன்று தடவை எழுதி எடுத்த உரிமம்.
பத்தொன்பது வருடம் உணவகத்தில் தட்டுக் கழுவியவளின் கைக்கு
அத்தனை நீளப் பச்சை இரும்பு
பாலத்தின் மேல் அடங்கி வளைந்து போனது சும்மாவா?

செவ்வேளுக்கும் சொல்லவில்லை.
அவர் தாளிக்கும்போது மட்டும் இரண்டு தரம் கேட்டேன்,
ஏதும் எரியுதோ என்று.
"உமக்கு எப்பவும் என்ர சமையலில சந்தேகம்."

ஒக்டோபரில் ஒரு வியாழன்.
மணம் வந்தது.
மணம் போனபோது ஒரு தரிப்பிடம் குறைந்திருந்தது.
இறங்கவேண்டிய கிழவர்
கைத்தடியால் கதவுக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.
நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன்.
நித்திரையா என்றார். கோபமாகக்கூட இல்லை.
கடைசிச் சுற்று ஓடவில்லை நான்.
பணிமனையில் ரூடியின் மேசைக்குப் போய்
திறப்பை வைத்தேன். அவருடைய சாண்ட்விச் தாளின் மேல் விழுந்து
அது சத்தமே போடவில்லை.

மருத்துவமனையில் பன்னிரண்டு பேனாக்கள்.
ஒவ்வொன்றாய் மூடி கழற்றி மூக்கின் கீழ் பிடித்தார்கள்.
கறுவா. மீன். சப்பாத்துத் தோல். கராம்பு.
பன்னிரண்டும் சரி.
"மூக்குக்கு ஒன்றுமில்லை. மணப்பது மூளை,"
என்றார் டொக்டர் ஏஷ்பாக்கர்.
படத்தில், வலக்காதுக்கு உட்பக்கம்,
அவரை விதையளவு ஒரு தழும்பு.
பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்:
போர் நடந்த இடத்திலிருந்து வந்தவர் அல்லவா,
எரிந்த டயராக இருக்கலாமோ?

டயர் எரிய மணந்திருக்கிறேன்.
அந்த மணத்துக்கு முகம் உண்டு, எனக்குத் தெரியும்.
இது அதில்லை டொக்டர்.
எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே எழுதவேண்டாம்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்: இனியது, இனிமையற்றது.
பிரேக் பற்றிய ஜெர்மன் முழுக்க எனக்குப் பாடம்.
இதற்குத் தமிழே போதவில்லை.
நாற்றம் என்ற சொல் ஒரு காலம்
நறுமணத்தையும் சேர்த்துச் சுமந்ததாம்.
அந்தப் பழைய சொல்லாய் இருந்தால் பொருந்தியிருக்கும்.
இரண்டு கட்டத்தையும் வெறுமையாக விட்டேன்.

காலை ஒன்று, இரவு ஒன்று.
மாத்திரை தொடங்கி ஏழு மாதம். வரவில்லை.
இப்போது தொலைந்த பொருட்கள் பிரிவில் இருக்கிறேன்:
குடைகள், ஒற்றைக் கையுறைகள், ஒரு தடவை பல்செட்.
நேற்று ஒரு முதுகுப்பையைத் திறந்தேன்.
குப்பென்று ஒன்று முகத்தில் அடித்தது.
மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
அடுத்த மேசைப் பெடியனைக் கூப்பிட்டேன்.
"உங்களுக்கும் மணக்குதா?"
குனிந்தவன் இருமிக்கொண்டு பின்னால் பாய்ந்தான்.
"ஐயோ, சீஸ்! எத்தனை கிழமைச் சீஸ் இது!"

நான் கதிரையில் அமர்ந்து சிரித்தேன்.
பையை மூடச் சொல்லி அவன் கெஞ்சினான்.
கொஞ்சம் பொறு என்றேன்.