இல்லாத தெரு

திறக்க முடியவில்லை என்கிறது.
எதை என்று பார்த்தால் ஒரு முகவரி:
யூஎஸ்ஆர், அதற்குள் லோக்கல், அதற்குள் எஸ்எஸ்எல்,
அதற்குள் ஒரு கான்ஃபிக் கோப்பு.
கிளாக்ஸ்விக் துறைமுக எடைமேடையில்,
இந்த விண்டோஸ் கணினியில்,
அப்படி ஒரு தெருவே கிடையாது.

நான் மார்னா. மீன் நிறுப்பவள்.
குறியாக்கம் பார்ப்பவன் ரோய்.
அவன் மனைவிக்கு இடுப்புவலி கண்டு
மதியமே தோர்ஷவனுக்குப் போய்விட்டான்.
கைபேசி அணைந்திருக்கிறது.
அணைந்துதான் இருக்க வேண்டும்.

நள்ளிரவோடு எங்கள் சான்றிதழ் காலாவதி.
பிறகு நான் அனுப்பும் எடை எதையும்
ஏலக்கூடம் ஏற்காது.
வெளியே, மழையில், ஹெர்லுவின் படகு,
அதன் வயிற்றில் இருபத்திரண்டு டன் ஹாடக்.

ஹெர்லுவ் உள்ளே வந்தார், பூட்ஸ் சொட்டச் சொட்ட.
"பூட்டு உடைந்துவிட்டதா?"
இல்லை. பூட்டு செய்கிறவன் நன்றாகத்தான் இருக்கிறான்.
எப்படிச் செய்வது என்று எழுதிய தாளைக் காணோமாம்.
"தாள் எங்கே?"
அவன் பக்கத்திலேயே. இதோ, இதே ஃபோல்டரில்.
ஹெர்லுவ் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
காபி இருக்கிறதா என்றார்.

எவனோ ஒருவன், எங்கோ, தன் லினக்ஸ் பெட்டியில்
இந்த நிரலைத் தொகுத்திருக்கிறான்.
அன்று அங்கே அந்தத் தெரு இருந்தது.
முகவரி இதன் எலும்பில் பதிந்துவிட்டது.
இன்னொரு கணினிக்கு வந்தது இதற்குத் தெரியாது.
யாரும் சொல்லவில்லை.

முதலில் அசட்டுத்தனம்தான் செய்தேன்:
சி டிரைவில் அந்தத் தெருவையே கட்டினேன்.
யூஎஸ்ஆர் என்று ஒரு ஃபோல்டர், உள்ளே ஒன்று, உள்ளே ஒன்று.
கோப்பை நகலெடுத்து வைத்தேன்
(விண்டோஸ் அதை டயல் செய்யும் எண் என்று நினைத்து
ஒரு தொலைபேசிப் படம் ஒட்டியிருந்தது;
பெயரின் வாலையும் மறைத்துவிட்டது).
ஓட்டினேன்.
திறக்க முடியவில்லை.

நாங்கள் வேலை செய்வது டி டிரைவில்.
அது டி டிரைவின் தெருவில் தேடியிருக்கிறது.

மணி பத்து இருபது.
தெரு வேண்டாம், சொல்லிவிடுவோம் என்று
சூழல் மாறி ஒன்றை அமைத்தேன்:
உன் தாள் இங்கே இருக்கிறது.
பாதையில் ஓர் இடைவெளி இருந்ததால்
பத்திரமாக இரட்டை மேற்கோள் போட்டேன்.
அது மேற்கோளையும் பாதையில் சேர்த்துக்கொண்டு
மேற்கோளோடு பெயர் தொடங்கும் ஊரைத் தேடியது.
நான் சொன்னதை அப்படியே கேட்கிற ஒருவரை
வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்திக்கிறேன்.

மேற்கோளை எடுத்தேன்.
சமக்குறிக்கு முன் கைதவறி விழுந்த
ஒரு வெற்றிடத்தையும் எடுத்தேன்.

கேள்வி கேட்கத் தொடங்கியது!
நாடு, இரண்டே எழுத்தில்.
மாநிலம்?
எங்களிடம் தீவுகள்தான் உண்டு. ஒரு புள்ளி வைத்தேன்.
புள்ளி என்றால் காலி, அது அதற்குத் தெரிகிறது.
ஊர். நிறுவனம்.
பொதுப்பெயர் என்றதும் மார்னா என்று அடித்து,
அழித்து, சர்வரின் பெயரை அடித்தேன்.
ஏலக்கூடத்தின் இரவுப்பணியாள் கையொப்பமிட்டு
பதினொன்று நாற்பதுக்குத் திருப்பி அனுப்பினார்.

முதல் தொட்டி மேடை ஏறியது.
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. போனது.

காலையில் அதே கறுப்பு ஜன்னலை மறுபடி திறந்தால்
மறுபடி அதே முகவரி, அதே புலம்பல்.
நேற்று சொன்னது நேற்றைய ஜன்னலுக்கு மட்டும்.
இந்த முறை கணினியின் அமைப்புகளுக்குள் போய்
நிரந்தரமாக எழுதினேன்.

ரோயிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது:
சிவந்த முகம், மூடிய கை.
பெயர் இன்னும் வைக்கவில்லையாம்.

சி டிரைவில் நான் கட்டிய தெரு அப்படியே இருக்கிறது.
அழிக்கப் போனேன்; "உறுதியாகவா?" என்று கேட்டது.
விட்டுவிட்டேன்.
எந்த நிரலாவது
அந்த முகவரியைக் கேட்டுக்கொண்டு வரலாம்.