தொண்ணூறில் ஒரு விசில்

தொண்ணூறு கிலோமீட்டரில் தொடங்குகிறது என்றாள் வீப்கே.
எண்பத்தைந்தில் இல்லையாம். சரியாகத் தொண்ணூறில்.
கிரேட்சீல் போகும் சாலை, இடப்பக்கம் கடலைத் தடுக்கும் கரை,
கரைமேல் ஆடுகள்.
கையை உயர்த்தினாள்: இதோ, இப்போது.
நான் வேகமுள்ளைப் பார்த்தேன்.
ஆடுகளைப் பார்த்தேன்.
ஆமாம் என்றேன்.

கார்மன் கியா, அறுபத்தெட்டாம் வருடத்து வண்டி.
கூரைத் துணி மட்டும் இந்த மார்ச்சில் வந்தது,
இன்னும் முறுக்கு விடாத துணி.
சட்டமில்லாத கண்ணாடி
கதவுக்குள்ளிருந்து தனியாக எழுந்து
பற்றிக்கொள்ள ஏதுமின்றி
கூரையோரத்து ரப்பரில் போய்ப் பொருந்த வேண்டும்.
ஒரு மில்லிமீட்டர் வெளியே சாய்ந்தால் காற்று வரும்.
உள்ளே சாய்ந்தால்
கதவு சாத்தும்போதெல்லாம் ரப்பரைக் கடிக்கும்.

எம்டனில், எங்கள் ஷெட்டில்,
கதவின் உள்தோலைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன்.
பத்து யூரோ நோட்டை இடுக்கில் வைத்து
கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன்.
முன்மூலையில் விடவில்லை.
நடுவில் யோசித்து விட்டது.
பின்மூலையில்
சம்பளநாள் பணம்போல வந்துவிட்டது.
அடியில் இரண்டு நட்டு, மேலே ஒரு தடுப்பு.
முதலில் உயரம், பிறகு சாய்வு.
வரிசை மாறினால் விடியும்வரை வேலை.

பிறகு தண்ணீர்.
அவள் உள்ளே, மடியில் துண்டோடு.
நான் வெளியே, குழாயோடு.
கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாய் அசைந்தது.
என்ன என்று கையால் கேட்டேன்.
பல மாதங்களில் முதன்முறையாக
எனக்கொரு நியாயமான சாக்கு இருந்தது:
நடுவில் கண்ணாடி.

இருபத்தெட்டு வருடம் பால்டிக் கப்பல்களின் அடிவயிற்றில்
எஞ்சினோடு குடியிருந்தேன்.
முதல் பத்து வருடம்
காதை மூடிக்கொள்கிறவனைப் பார்த்துச் சிரிப்போம்.
நானும் சிரித்தேன்.

ஒரு சொட்டும் ஒழுகவில்லை.
மறுபடி அதே சாலை, அதே ஆடுகள்.
தொண்ணூறு.
வீப்கேயின் கை மடியிலேயே இருந்தது.
தொண்ணூற்றைந்து.
போய்விட்டது பார்த்தாயா, என்றேன்.
என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு காற்றாலை கடந்தது, இன்னொன்று கடந்தது.
பிறகு என் பக்கம் முழுதாகத் திரும்பி,
உதடு தெரியும்படிச் சொன்னாள்:
போகவில்லை, என்னோ.
முன்னைவிட மோசம்.
நான் கையைத்தான் தூக்கவில்லை.

வண்டியை ஓரங்கட்டவில்லை.
எங்கே நிறுத்தினாலும் அதைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும்.
தொண்ணூறிலேயே வைத்துக்கொண்டேன்.
அவள் ஆள்காட்டி விரலை ரப்பர்மேல் வைத்து
முன்னாலிருந்து மெல்ல நகர்த்தினாள்,
காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல.
பின்மூலைக்கு நாலு விரற்கடை முன்னால்
விரல் நின்றது.
புருவங்களுக்கு நடுவே இருந்த முடிச்சு அவிழ்ந்தது.
விசில் நிற்பதை
அவள் முகத்தில் பார்த்தேன்.

அந்த இடத்தில் நீலச் சாக்கட்டியால் ஒரு கோடு.
வயலோரம் மண்டியிட்டு
கீழ் நட்டைக் கால்சுற்று திருப்பினேன், அதற்கும் குறைவாக.
கதவைச் சாத்தி,
கண்ணாடியை இறக்கி ஏற்றி,
மறுபடி தொண்ணூறு.
அவள் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

எப்படி இருக்கிறது?
ஒரு சத்தமும் இல்லை, என்றாள்.
எனக்கு முன்னாலும் இப்படித்தான் இருந்தது.
அதை உரக்கச் சொன்னேனா என்று தெரியவில்லை.
அவள் சிரித்ததால், சொல்லியிருப்பேன்.

வீட்டில் தேநீர்.
கோப்பையில் முதலில் பெரிய கற்கண்டு,
அதன்மேல் கொதிக்கக் கொதிக்கத் தேநீர்.
எங்கள் ஊரில், கற்கண்டு விரிசல் விடும் சத்தம் கேட்ட பிறகுதான்
கிரீம் ஊற்றுவார்கள்.
கிரீம் கரண்டியோடு வீப்கே காத்திருந்தாள்,
கோப்பையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு.

பழக்கதோஷம்,
தலையாட்டினேன்.
கொஞ்சம் முந்திவிட்டேன் போலிருக்கிறது.
அவள் கரண்டி அசையவில்லை.