ஏழாவது கட்டம்

தேர்தல் தேதி டி.வி.யில் வந்த மறுநாளே
குலசேகரம் ஸ்டேஷனுக்குத் தோக்குகள் வரத் தொடங்கும்.
பதிவேட்டில் துப்பாக்கி என்றுதான் எழுதுவேன்.
கொண்டுவருகிறவர்கள் வாயில் தோக்கு.
பழைய சேலையில் சுற்றி, உரச்சாக்கில் நுழைத்து,
ஒருவர் ஜீப்பில், ஒருவர் பஸ்ஸில்,
ஒருவர் ரப்பர் ஷீட் கட்டுக்கு நடுவில் வைத்து
புகைப்புரை மணத்தோடு.

உரிம எண், பெயர், ஊர்,
குழல் இரண்டு, போர் பன்னிரண்டு.
ஏழாவது கட்டம்: அடையாளங்கள்.
எனக்கு முன்னால் ரைட்டராக இருந்தவர்
முதல் துப்பாக்கிக்கு ‘பழையது’ என்று எழுதி
மீதிப் பத்துக்கும் ‘மேற்படி’ போட்டிருந்தார்.

பழையதுதான்.
எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்தால்
விசைக்கு மேலே, உள்ளங்கை அகல இரும்பில்
ஒரு காடு.
புதருக்குள் ஒரு நாய் முன்காலைத் தூக்கி நிற்கிறது,
நூறு வருடமாய் அதைக் கீழே வைக்கவில்லை.
மறுபக்கம் எழும்பிப் பறக்கும் ஏதோ ஒன்று. நீளவால்.
மயில் இல்லை.
பேச்சிப்பாறை முதல் கோதையாறு வரை
எந்தக் கொம்பிலும் நான் அதைக் கண்டதில்லை.
‘கோழி ஒன்று’ என்று எழுதினேன்.

இரவுப் பணியில், மகனுடைய மெத்துப் பென்சிலும்
கேக் சுடுகிற பட்டர் பேப்பரும்.
தாளை ஒட்டவைத்துச் சாய்த்துத் தேய்த்தால்
முதலில் கொடிச்சுருள் வரும், பிறகு காது,
கடைசியில்தான் கண்.
மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர் போதாதா, மேடம்,
என்பார் சென்ட்ரி சுயம்பு.
ஐந்து தேர்தல், முப்பத்தெட்டுத் தாள்,
எல்.ஐ.சி. கவரில்.
நடுவில் இரண்டு வருடம் கருங்கலுக்கு மாற்றினார்கள்.
அங்கே வந்ததெல்லாம் வழவழ இரும்பு.

துப்பாக்கி ஒன்றுகூட என்னுடையதில்லை.
வருடத்துக்கொரு முறை பயிற்சியில் சுடுவதோடு சரி,
அதற்கே மூன்று நாள் தோள் வலிக்கும்.

களியல் தாசையன் கொண்டுவந்தது வேறு ஜாதி.
எஃகும் இரும்பும் முறுக்கி அடித்த குழல்,
அறுத்த அயனிப் பலகை மாதிரி வரிவரியாய்.
இப்போதைய தோட்டா போட்டால்
சுடுகிறவன் முகத்தில்தான் வெடிக்கும்.
அதன் இடது தகட்டில்
யானையைப் பார்க்காத ஒருவன் வெட்டிய யானை.
முழங்கால் குதிரைக்கு.
காது அவன் வீட்டு நாய்க்கு.
தும்பிக்கை, யாரோ கடிதத்தில் எழுதிக் கேட்டதுபோல்
நேராகத் தொங்கும் ஒரு குழாய்.
அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.
அவன் ஊர்ப் பறவையை நான் கோழி என்றவள்.

வாக்கு எண்ணி முடித்த வாரம்
கையெழுத்துப் போட வந்தவர்
ஏழாவது கட்டத்தில் விரலை வைத்து நின்றார்.
“எனக்க தோக்குல ஆனையா?
நாப்பது வருசமா பன்னின்னுல்லா நெனச்சேன்.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப்
பெருவிரலால் தடவினார், முதுகிலிருந்து கீழே.
“ஆனதான். சீக்குப் பிடிச்ச ஆன.”

பிறகு, கேட்காமலே சொன்னார்.
போன ஆவணியில் இறங்கி வந்ததாம்.
அறுபது ரப்பர்க் கன்று.
ஓலைவெடி நனைந்துபோச்சு,
தோட்டா இல்லாத இதைத் தூக்கிக்கொண்டு போனேன்.
“அது நின்னுது. நானும் நின்னேன்.
எனக்க கையிலயும் ஒண்ணு இருந்திருக்கு.
தெரியல்லியே.”

ஒரு நகல் கேட்டார்.
எதிர்க்கடை ஜெராக்ஸில் தாள் கருத்து வந்தது,
காது விழவில்லை.
பரவாயில்லை என்று மடித்து
உரிமப் புத்தகத்துக்குள் வைத்தார்.

ஒப்படைக்க வந்த அன்று
பஸ்ஸில் சாக்கைக் காலடியில் போட்டு
மேலே செருப்பை வைத்துக்கொண்டு வந்ததாகச்
சுயம்பு சொல்லியிருந்தார்.
இன்று ஜன்னலோரம் இடம் கிடைத்ததும்
மடியில் வைத்துக்கொண்டார்.