சாக்கு இல்லாமல்

துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வை.
நசுக்கு. ஐந்து எண்ணு. விடு.
படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி
பிசியோ தம்பி ரிபாயி சொன்னது அவ்வளவுதான்.
படத்தில் என் முட்டி:
கடைசி பஸ்ஸில் இடித்துக்கொண்டு
உட்கார்ந்த மாதிரி இரண்டு எலும்பு.

"தேய்மானம்."
"அப்ப அசையாமக் கெடக்கவா?"
"கெடந்தா இறுகிப்போகும்.
செய்யும்போது கொஞ்சம் வலிக்கட்டும்,
மறுநாளும் கூடியிருந்தா எண்ணிக்கையைக் குறைங்க."
அப்புறம், சின்னப்பாலத்துக்காரியைப் பார்த்துக் கேட்கிறான்:
"வீட்டுப் பக்கம் கடல் இருக்கா?
இடுப்பளவுத் தண்ணியில இருபது நிமிஷம் நடங்க.
பாதி ஆளைத் தண்ணி சுமந்துக்கும்."

முப்பத்தோரு வருஷமா அதைத்தானப்பா செய்யுறேன்,
கண்ணாடி மாட்டி, விரலுக்கு விரல் துணி சுற்றி,
தீவோரப் பாறையில் ரப்பர் செருப்பு வழுக்க வழுக்க.

"சாக்கோடதான?" என்றான்.

பேச்சு நின்றுபோனது எனக்கு.
நனைந்த கட்டக்கோரையின் கனம்
இவனுக்கு யார் சொன்னது?
"சாக்கு இல்லாம நடங்க."

சொல்லிவிட்டான்.
வாடைக்காலம். பாசி எடுக்காத நாள்.
தென்கடல் ஆறின கஞ்சியாகக் கிடந்தது.
இடுப்பில் கயிறில்லை,
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
முன்னால் பத்து எட்டு, பின்னால் பத்து எட்டு,
பக்கவாட்டில் நண்டு.
காலில் ஒரு மரிக்கொழுந்து தட்டியது,
குனிந்தேவிட்டேன்.
குனிந்த கையை மற்றக் கை அடித்தது.

மூன்றாம் நாள் கரையில் சேதுராக்கு, பஞ்சவர்ணம்,
சங்கத்து ரசீது நோட்டு சகிதம்.
மாசத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி,
நாங்களே போட்ட கட்டு.
மீறினால் ஐந்நூறு.
அந்த ஐந்நூறை முன்மொழிந்தவளே நான்தான்.
"என்ன சாக்குச் சொல்லப்போற?"
"சாக்கே இல்லடி" என்று இரண்டு கையையும் விரித்தேன்.
சேதுராக்கு மடியைத் தடவிப் பார்த்தாள்.
தப்பில்லை. நானும் தடவியிருப்பேன்.

தண்ணீருக்குள் குதிகாலைப் பின்னால் மடக்கிக் காட்டினேன்.
காய்ந்த முண்டு மிளகாயை
உள்ளங்கையில் ஒடித்த சத்தம்.
பஞ்சவர்ணம் நோட்டை மூடினாள்.
"எந்த முட்டி?"
"ரெண்டும். வலது மோசம்."
"எனக்கு இடது" என்றாள்,
ரொம்ப நேரம் கழித்து, கடலைப் பார்த்து.
இறங்கவில்லை. புடவை நனையுமாம்.
புடவையோடு பிறந்ததிலிருந்து நனைகிறவள்.

ராத்திரி, சுவரோடு ஒட்டிப் போட்ட
நீலப் பிளாஸ்டிக் நாற்காலி.
கை ஊன்றாமல் எழு, மெதுவாக உட்கார்.
எட்டு முறை என்று எழுதியிருக்கிறான்.
ஐந்து ஆகிறது.
ஆறாவதில்
நாற்காலியை விட்டு ஒரு சாண் மேலே,
தொடை நடுங்க,
பிடிக்க ஒன்றுமில்லாத இரண்டு கையும் முன்னே நீள,
நிற்கிறேன்,
நிற்கிறேன் என்று சொல்ல முடியாது இன்னும்.